உடலின் கொழுப்பும் பூப்பெய்தும் வயதும்

ஒரு நாட்டு மக்களின் ஊட்டச்சத்து நிலையை அறியப் பல அளவுகோல்கள் உள்ளன. ஆளுக்கு இத்தனை கிராம் தானியம், இத்தனை கலோரி உணவு என்று கணக்கிடுவது ஒரு முறை. குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து பார்ப்பது மற்றொரு முறை. அதிகம் பேசப்படாத மூன்றாவது அளவுகோல் ஒன்றும் உண்டு. பெண் குழந்தைகள் எந்த வயதில் பூப்பெய்துகிறார்கள் என்பதே அது. ஒரு சிறுமி பிறந்த நாள் தொட்டு உண்ட உணவு, பட்ட நோய், செய்த உடலுழைப்பு ஆகிய அனைத்தின் வரவு செலவும் அவளுடைய உடலில் பதிவாகி வருகின்றன. அக்கணக்கின் விளைவுகளுள் ஒன்றாகவே முதல் மாதவிலக்கு நிகழும் காலம் அமைகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட ஐரோப்பிய நாடுகளில் பெண்கள் பெரும்பாலும் 16 அல்லது 17 வயதில்தான் பூப்பெய்தினர். அடுத்த நூறு ஆண்டுகளில் அந்த வயது 13 அளவிற்குக் குறைந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் ஓர் இனத்தின் பரம்பரை இயல்பு மாறிவிட முடியாது. மாறியவை உணவும், குடிநீரும், நோய்த் தடுப்பும், குழந்தைகளின் உழைப்புச் சுமையுமே ஆகும். ஆகவே ஊட்டத்திற்கும் பூப்பிற்கும் தொடர்பு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அத்தொடர்பு எவ்வழியாகச் செயற்படுகிறது, உடலில் சேரும் கொழுப்பிற்கு அதில் என்ன பங்கு என்பவையே அரை நூற்றாண்டுக் காலமாக ஆராயப்பட்டு வரும் வினாக்கள்.

இவை மருத்துவர்களுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. பெண் குழந்தைகளுக்கு எந்த வயதில் ஊட்டம் அளித்தால் பயன் மிகும், நல்ல ஊட்டம் மக்கள்தொகையைப் பெருக்கிவிடுமா, பூப்பு என்பதைத் திருமணத்திற்குரிய முதிர்ச்சியாகக் கொள்ளலாமா என்பன போன்ற திட்டமிடுதல் சார்ந்த வினாக்களுக்கும் விடை இதிலேயே அடங்கியுள்ளது.

உடலில் நிகழும் மாற்றங்கள்

பூப்பு என்பது பருவ மாற்றத்தின் தொடக்கமன்று. அதன் பிற்பகுதியில் நிகழும் ஒரு கட்டம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, குழந்தைப் பருவம் முழுவதும் அடங்கியிருந்தபின், துடிப்புத் துடிப்பாக ஒரு ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தைத் தூண்டுகிறது. சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜனின் விளைவாக மார்பக வளர்ச்சி தோன்றுகிறது; இடுப்பு அகலுகிறது; கருப்பை வளர்கிறது. பொதுவாக மார்பக வளர்ச்சி தொடங்கி இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகள் கழித்தே முதல் மாதவிலக்கு வருகிறது.

இக்காலத்தில் உயரமும் விரைந்து கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் உச்சத்தை அடைவது பூப்பிற்கு ஏறத்தாழ ஓராண்டிற்கு முன்னர் ஆகும். பூப்பிற்குப் பின்னர் ஒரு பெண்ணின் உயரம் பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. வரையே கூடும். எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடச் செய்வதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். இவ்வுண்மையைத் திட்டமிடுவோர் மனத்தில் கொள்ள வேண்டும். உயரம் வளர வேண்டிய காலத்தின் பெரும்பகுதி, பூப்பு நிகழ்வதற்குள் கடந்துவிடுகிறது.

உடலின் கூறுகளும் மாறுகின்றன. உடலின் எடையை இரு பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது ஆய்வாளர்களின் வழக்கம். தசை, எலும்பு, உள்ளுறுப்புகள், நீர் ஆகியவை ஒரு பகுதி. கொழுப்பு மற்றொரு பகுதி. பருவ மாற்றத்தின் போது சிறுவர்களின் உடலில் தசை மிகுதியாகச் சேர்கிறது. சிறுமியரின் உடலிலோ தசையுடன் கொழுப்பும் கணிசமாகச் சேர்கிறது. வளர்ச்சி வேகம் பெறத் தொடங்கும் போது ஒரு சிறுமியின் உடலில் கொழுப்பு ஒரு பங்கு என்றால் ஏனைய பகுதி ஐந்து பங்காக உள்ளது. பூப்பெய்தும் போது இவ்விகிதம் ஒன்றுக்கு மூன்றாகிறது. இம்மாற்றமே ஒரு புகழ்பெற்ற கருதுகோளுக்கு வித்திட்டது.

ஒரு கருதுகோளின் பிறப்பு

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ், ரோஜர் ரெவெல் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். இவர்களுள் ரெவெல் இந்தியாவிற்குப் புதியவர் அல்லர். 1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக் குழுவில் அவர் ஓர் உறுப்பினராக இருந்தவர். கடலியல் அறிஞரான அவரையும், உயிரியல் அறிஞரான ஃபிரிஷையும் இத்துறைக்குக் கொண்டுவந்தது உணவும் மக்கள்தொகையும் பற்றிய அக்கறையே ஆகும்.

சிறு வயது முதல் தொடர்ந்து உயரமும் எடையும் குறிக்கப்பட்டு வந்த 181 அமெரிக்கச் சிறுமியரின் பதிவேடுகளை அவர்கள் ஆராய்ந்தனர். முன்னதாகப் பூப்பெய்தியவர்களும் காலந்தாழ்ந்து பூப்பெய்தியவர்களும் உயரத்தில் வேறுபட்டனர். ஆனால் பூப்பெய்திய காலத்தில் இரு சாராரின் சராசரி எடையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அது சுமார் 48 கிலோ. இதிலிருந்து, உடல் ஒரு குறிப்பிட்ட எடையை எட்டும்போது பூப்பு நிகழ்கிறது என்னும் கருதுகோள் பிறந்தது.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1974இல், ஃபிரிஷும் ஜேனட் மெக்ஆர்தரும் இக்கருதுகோளைத் திருத்தி அமைத்தனர். எடையைவிட அதில் அடங்கியுள்ள கொழுப்பின் விகிதமே முக்கியமானது என்பது திருத்தம். உடல் எடையில் குறைந்தது 17 விழுக்காடு கொழுப்பு இருந்தால்தான் மாதவிலக்கு தொடங்கும் என்றும், முழு வளர்ச்சி பெற்ற பெண்ணிடம் அது ஒழுங்காகத் தொடர்வதற்கு 22 விழுக்காடு தேவை என்றும் அவர்கள் கூறினர்.

இதற்கு அவர்கள் கூறிய காரணம் பொருளியல் மாணவருக்கு எளிதில் விளங்கக்கூடியது. கொழுப்பு என்பது உடலின் சேமிப்பு நிதி. கருவுற்ற ஒரு பெண்ணிற்கு இயல்பான தேவைக்கு மேல் சுமார் 50,000 கிலோகலோரி வேண்டும். தாய்ப்பால் ஊட்டும் காலத்தில் நாள்தோறும் 500 முதல் 1,000 கிலோகலோரி வரை கூடுதலாக வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டனர். முழு வளர்ச்சி பெற்ற இளம்பெண் ஒருத்தியின் உடலில் உள்ள சுமார் 16 கிலோ கொழுப்பு, 1,44,000 கிலோகலோரி ஆற்றலைத் தேக்கி வைத்துள்ளது. கையில் சேமிப்பு இல்லாத குடும்பம் பெருஞ்செலவில் இறங்குவதில்லை. அதுபோலவே, சேமிப்பில்லாத உடலும் மகப்பேற்றிற்கு ஆயத்தமாவதில்லை என்பது இக்கருத்தின் சாரம்.

இதற்கு ஆதரவான செய்திகளும் கிடைத்தன. ஃபிரிஷும் அவருடன் பணியாற்றியோரும் 1981இல் வெளியிட்ட ஆய்வின்படி, பூப்பிற்கு முன்பே கடும் பயிற்சியைத் தொடங்கிய ஓட்டக்காரர்களும் நீச்சல் வீராங்கனைகளும் சராசரியாக 15.1 வயதில் பூப்பெய்தினர். பயிற்சி பெற்ற ஒவ்வோர் ஆண்டும் பூப்பினை ஐந்து மாதம் தள்ளிப்போட்டது போல் காணப்பட்டது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஏற்பட்ட கடும் பஞ்சத்தில் ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோயிற்று. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது பிறப்புகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

கருதுகோளின் குறைகள்

இக்கருத்து எளிமையானது, அதனாலேயே விரைந்து பரவியது. எனினும் புள்ளியியல் அறிஞர்களும் மனித வளர்ச்சி ஆய்வாளர்களும் இதில் பல குறைகளைச் சுட்டிக் காட்டினர்.

முதலாவது, உடலின் கொழுப்பு நேரடியாக அளக்கப்படவில்லை. உயரத்தையும் எடையையும் ஒரு சூத்திரத்தில் இட்டு உடலில் உள்ள நீரின் அளவு மதிப்பிடப்பட்டது; அதிலிருந்து கொழுப்பு கணிக்கப்பட்டது. எனவே 17 விழுக்காடு என்பது உயரத்தையும் எடையையும் வேறோர் உருவில் கூறுவதேயாகும்.

இரண்டாவது, சராசரி வேறு, எல்லைக்கோடு வேறு. பூப்பெய்திய சிறுமியர் பலரின் சராசரி எடை 48 கிலோ என்றால், 38 கிலோவில் பூப்பெய்தியவர்களும் 58 கிலோவில் பூப்பெய்தியவர்களும் அக்கூட்டத்தில் இருக்கலாம். இரு பிரிவினரின் சராசரி ஒன்றாக இருப்பது மட்டுமே, ஒவ்வொருவரும் கடந்தாக வேண்டிய கோடு ஒன்று உண்டு என்பதை மெய்ப்பிக்காது. ஜேம்ஸ் டிரஸ்ஸல் 1978இல் இக்குறையை விரிவாக எடுத்துரைத்தார். ஒரு கிராமத்தின் சராசரி வருமானத்தைக் கண்டு அங்குள்ள ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் முடிவு செய்வதில் உள்ள பிழை இதிலும் உள்ளது.

மூன்றாவது, காரணம் எது, விளைவு எது என்னும் சிக்கல். பூப்பிற்கு முன்னரே சுரக்கத் தொடங்கும் ஈஸ்ட்ரோஜன், தானே கொழுப்பைச் சேர்க்கும் தன்மையுடையது. ஆகவே கொழுப்பு சேர்வதால் பருவ மாற்றம் வருகிறதா, பருவ மாற்றம் தொடங்கியதால் கொழுப்பு சேர்கிறதா என்பதை எடைப் பதிவேடுகளை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது.

நான்காவது, எலும்பின் பங்கு. பூப்பெய்தும் காலத்தை முன்கூட்டி அறிவதற்குக் கொழுப்பைவிட எலும்பு வளர்ச்சியே பொருத்தமான அளவுகோல் என்று பீட்டர் எல்லிசன் 1980களின் தொடக்கத்தில் எழுதினார். மகப்பேற்றிற்கு ஆற்றல் சேமிப்பு மட்டும் போதாது. குழந்தை வெளிவரத்தக்க அகன்ற இடுப்பெலும்பும் வேண்டும். உடல் முதலில் சட்டகத்தைக் கட்டி முடிக்கிறது. அதன் பின்னரே இனப்பெருக்கத்திற்குத் திரும்புகிறது என்பது அவருடைய விளக்கம்.

விளையாட்டு வீராங்கனைகளின் சான்றும் ஐயத்திற்கு உட்பட்டது. இயல்பாகவே ஒல்லியாகவும் காலந்தாழ்ந்து முதிர்ச்சி பெறுபவர்களாகவும் உள்ள சிறுமியரே ஓட்டத்திலும் நடனத்திலும் நிலைத்து நிற்கின்றனர் என்றும் கூறலாம் அல்லவா?

மூளைக்குச் செய்தி செல்லும் வழி

உடலில் எவ்வளவு கொழுப்பு உள்ளது என்பதை மூளை எப்படி அறிகிறது? ஃபிரிஷ் எழுதிய காலத்தில் இக்கேள்விக்கு விடை இல்லை. 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வுக் குழுவினர் ஒரு மரபணுவைக் கண்டறிந்தனர். அம்மரபணு உருவாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயரிடப்பட்டது. லெப்டினைச் சுரப்பது கொழுப்புத் திசுவே. கொழுப்பு மிகுந்தால் இரத்தத்தில் லெப்டின் மிகும். கொழுப்பு குறைந்தால் அதுவும் குறையும். கருவூலத்தில் உள்ள இருப்பைத் தலைமை அலுவலகத்திற்கு அறிவிக்கும் அன்றாட அறிக்கையைப் போல லெப்டின் மூளைக்குச் செய்தி சொல்கிறது.

பிறவியிலேயே லெப்டின் சுரக்காத அரிய குறைபாடு உடையவர்களுக்குப் பருவ மாற்றம் நிகழ்வதில்லை. அவர்களுக்கு லெப்டின் மருந்தாக அளிக்கப்படும்போது உரிய வயதில் அது நிகழ்கிறது. ஆனால் சிறு குழந்தைகளுக்கு லெப்டின் கொடுத்தபோது பருவ மாற்றம் முன்கூட்டியே வந்துவிடவில்லை. இதனால் ஓர் உண்மை தெளிவாயிற்று. லெப்டின் பருவ மாற்றத்தைத் தொடங்கி வைக்கும் விசை அன்று; அது இல்லையேல் தொடங்க முடியாத ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே.

2003இல் இரு ஆய்வுக் குழுவினர் மற்றொரு கண்ணியைக் கண்டறிந்தனர். கிஸ்பெப்டின் என்னும் பொருளின் செய்தியை ஏற்கும் மரபணு பழுதுபட்ட குடும்பங்களில் பருவ மாற்றம் நிகழவில்லை என்று அவர்கள் கண்டனர். ஹைப்போதலாமஸைத் தட்டி எழுப்புவதில் கிஸ்பெப்டினுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று இன்று அறியப்படுகிறது. பரம்பரையின் செல்வாக்கும் கணிசமானது. 2017இல் ஏறத்தாழ 3,70,000 பெண்களின் தகவல்களை ஆராய்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, பூப்பெய்தும் வயதுடன் தொடர்புடைய 389 மரபணுக் குறிகளை அடையாளம் கண்டது.

சுருங்கக் கூறின், கொழுப்பிற்குப் பங்கு உண்டு என்று ஃபிரிஷ் கருதியது சரியே. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் பொதுவான ஒரே எல்லைக்கோடு உண்டு என்பது நிலைக்கவில்லை. பரம்பரை ஒரு கால வரம்பை வகுத்துத் தருகிறது. அந்த வரம்பிற்குள் எப்போது என்பதை எலும்பு வளர்ச்சி, ஆற்றல் சேமிப்பு, நோய், உழைப்பு ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன.

இந்தியச் சான்றுகள்

நம் நாட்டில் இத்தொடர்பு நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு வந்துள்ளது. ஐதராபாத் சுற்றுப்புறக் கிராமங்களில் தேசிய ஊட்டச்சத்து நிறுவன அறிவியலாளர்கள் நடத்தி 1979இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ச்சி குன்றிய சிறுமியர் நல்ல வளர்ச்சி பெற்றவர்களைவிடக் காலந்தாழ்ந்தே பூப்பெய்துவதை எடுத்துக்காட்டியது. அகில இந்திய அளவில், 2004-05இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் திரட்டப்பட்ட தகவல்கள் மெதுவான ஒரு மாற்றத்தைக் காட்டுகின்றன. 1955-64இல் பிறந்த பெண்கள் சராசரியாக 13.8 வயதில் பூப்பெய்தினர். 1985-89இல் பிறந்தவர்களிடம் இது 13.6 ஆயிற்று. ஒரு தலைமுறையில் குறைந்தது மூன்று மாதங்கள் அளவே. அந்நாளில் ஊட்டத்தில் ஏற்பட்ட முன்னேற்றமும் எவ்வளவு மெதுவானது என்பதை இது உணர்த்துகிறது.

இதைவிடக் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய சான்று ஸ்வீடனிலிருந்து கிடைத்தது. இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு அங்கு வளர்ந்த 107 சிறுமியரைப் பற்றிய ஆய்வு 1991இல் வெளிவந்தது. இவர்களுள் பலர் அங்கு சென்றடைந்தபோது வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். புதிய சூழலில் நல்ல உணவும் மருத்துவமும் பெற்று வேகமாக வளர்ந்தனர். ஆனால் அவர்கள் பூப்பெய்திய வயதின் நடு மதிப்பு 11.6. இது ஸ்வீடன் நாட்டுச் சிறுமியரின் வயதைவிடக் குறைவு. இந்திய நகரங்களில் வசதியான குடும்பங்களில் வளர்ந்த சிறுமியரின் வயதைவிடவும் குறைவு. சிலருக்கு எட்டு வயதிற்கு முன்பே மாதவிலக்கு தொடங்கியது. எலும்பு வளர்ச்சி முன்னதாகவே நின்றுவிட்டதால் அவர்களுடைய இறுதி உயரம் சராசரியாக 154 செ.மீ. அளவிலேயே அமைந்தது.

கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் பட்ட குறையைப் பிற்காலத்து மிகையுணவால் ஈடு செய்ய முயன்றால், உடல் உயரத்தைவிட முதிர்ச்சியையே முந்திக்கொண்டு தேடுகிறது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். நல்ல உணவு தீங்கு செய்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அது மிகவும் தாமதமாக வந்து சேர்ந்தது என்பதே பொருள்.

புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக் தலைமையில் நடந்த ஆய்வு இதனுடன் இணைத்துப் பார்க்கத்தக்கது. அங்கு பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் அது 3.5 கிலோ. ஆனால் இந்தியக் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும் குறைந்த அளவிற்குக் கொழுப்பு குறையவில்லை. மெலிந்த தோற்றம், ஆனால் ஒப்பளவில் மிகுந்த கொழுப்பு என்னும் இந்த உடலமைப்பு, எடையை மட்டும் அளக்கும் தராசிற்குப் புலப்படுவதில்லை. எடை குறைவு என்பதால் கொழுப்பும் குறைவு என்று முடிவு கட்டுவது நம் நாட்டில் பெரும்பாலும் தவறாகவே முடியும்.

மக்கள்தொகை பற்றிய அச்சம்

ஃபிரிஷின் கருதுகோள் வெளிவந்த காலத்தில் அதிலிருந்து ஓர் அச்சமும் பிறந்தது. ஏழைப் பெண்கள் நன்கு உண்டால் முன்னதாகப் பூப்பெய்துவர். மகப்பேற்று ஆற்றல் மிகும். மக்கள்தொகை மேலும் பெருகும் என்பது அவ்வச்சம். உணவுத் திட்டங்களுக்கு எதிரான வாதமாகவும் இது பயன்படக்கூடும்.

ஜான் பொன்கார்ட்ஸ் 1980இல் இதற்குத் தெளிவான விடை அளித்தார். பஞ்சம் போன்ற கொடிய பட்டினியில் மகப்பேற்று ஆற்றல் வீழ்ச்சியடைவது உண்மை. ஆனால் வளரும் நாடுகளில் காணப்படும் நாட்பட்ட, மிதமான ஊட்டக் குறைவு அந்த ஆற்றலைச் சிறிதளவே பாதிக்கிறது என்று அவர் காட்டினார். பூப்பெய்தும் வயதில் ஏற்படும் சில மாத வேறுபாட்டைவிடத் திருமண வயது, தாய்ப்பால் ஊட்டும் காலம், கருத்தடை முறைகள் ஆகியவையே குடும்பத்தின் அளவை முடிவு செய்கின்றன.

நம் நாட்டின் அனுபவமும் இதனை உறுதி செய்துள்ளது. பூப்பெய்தும் வயது சற்றே குறைந்து வந்த அதே காலத்தில் பிறப்பு விகிதம் பெரிதும் குறைந்தது. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை, 1992-93இல் நடந்த முதலாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி 3.4. 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி அது 2.0. பள்ளிக்கே செல்லாத பெண்களிடம் 2.8 ஆகவும், பன்னிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகள் பயின்றவர்களிடம் 1.8 ஆகவும் அது இருந்தது. குடும்பத்தைச் சிறிதாக்கியது பள்ளிக்கூடமே, பசி அன்று.

மற்றொரு தவறான ஆறுதலையும் களைய வேண்டும். ஊட்டக் குறைவால் பூப்பு தள்ளிப்போவது பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று எண்ணுவதற்கில்லை. எந்தக் குறை பூப்பினைத் தள்ளிப்போட்டதோ, அதே குறை அவளுடைய உயரத்தையும் இடுப்பெலும்பையும் இரத்தத்தையும் குன்றச் செய்திருக்கும். தாயானபின் குழந்தையின் பிறப்பு எடையிலும் அது வெளிப்படும்.

பூப்பும் திருமணமும்

பூப்பு நிகழ்ந்தவுடன் ஒரு பெண் முழு வளர்ச்சி பெற்றுவிட்டாள் என்னும் எண்ணம் சமுதாயத்தில் வேரூன்றியுள்ளது. மேலே கூறிய செய்திகள் இதற்கு இடமளிக்கவில்லை. முதல் மாதவிலக்கிற்குப் பின் ஓரிரு ஆண்டுகள் வரை பல சுழற்சிகளில் கருமுட்டை வெளிப்படுவதே இல்லை. உயரம் நின்றபின்னும் இடுப்பெலும்பின் வளர்ச்சி சில ஆண்டுகள் தொடர்கிறது. இன்னும் வளர்ந்து கொண்டிருக்கும் ஒரு பெண் கருவுற்றால் தாயின் உடலும் கருவும் ஒரே உணவிற்குப் போட்டியிடுகின்றன.

சட்டம் இவ்வுண்மையைப் படிப்படியாக ஏற்று வந்துள்ளது. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என வகுத்தது. 1949இல் அது 15 ஆகவும், 1978இல் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இதனை மேலும் வலுப்படுத்தியது. எனினும் 2019-21 ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுடைய பெண்களில் 23.3 விழுக்காட்டினர் 18 வயதிற்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். பூப்பெய்தும் வயது குறையக் குறைய, பூப்பிற்கும் சட்டப்படியான திருமண வயதிற்கும் உள்ள இடைவெளி நீளுகிறது. அவ்வாண்டுகளைப் பள்ளி நிரப்பாவிடில், பழைய வழக்கம் நிரப்பிவிடும்.

திட்டமிடுவோர் கவனத்திற்கு

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளையும், கருவுற்ற தாய்மாரையும், பாலூட்டும் தாய்மாரையும் முதன்மையாகக் கருத்தில் கொண்டது. வளரிளம் பெண்களுக்கென 2000இல் கிஷோரி சக்தி திட்டமும், 2010இல் சபலா திட்டமும் வந்தன. வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரை வழங்கும் திட்டம் 2013இலும், தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 2014இலும் தொடங்கப்பட்டன. 2021இல் வகுக்கப்பட்ட போஷன் 2.0 திட்டத்தின் கீழ், வளர்ச்சி நாடும் மாவட்டங்களிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் 14 முதல் 18 வயதுடைய பெண்கள் துணை உணவுக்கு உரியவர்கள்.

இங்கு வயதுக் கணக்கு ஒன்று கவனிக்கத்தக்கது. பெண்கள் பூப்பெய்தும் சராசரி வயது 13.6 என்றால், வளர்ச்சி வேகத்தின் உச்சம் சுமார் பன்னிரண்டரை வயதில் கடந்துவிடுகிறது. பதினான்கு வயதில் தொடங்கும் உணவு இரத்தசோகையைக் குறைக்கும், எலும்பை உறுதியாக்கும், வருங்காலத் தாய்க்குச் சேமிப்பைத் தரும். உயரத்தை மீட்டுத் தருவதில் அதன் பங்கு சிறிதே. பத்து முதல் பதின்மூன்று வயது வரையிலான பொறுப்பு பெரும்பாலும் பள்ளி மதிய உணவைச் சார்ந்துள்ளது. எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவியர்க்கு அது கிடைக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு விலகும் சிறுமியோ, தன் வளர்ச்சியின் மிக முக்கியமான ஈராண்டுகளில் அதனை இழந்துவிடுகிறாள். எனவே இடைநிற்றலைத் தடுப்பது கல்வித் துறையின் கடமை மட்டுமன்று. ஊட்டச்சத்துத் திட்டத்தின் இன்றியமையாத பகுதியும் ஆகும்.

இரண்டாவதாக, குறையும் மிகையும் ஒரே நாட்டில் ஒருங்கே காணப்படுகின்றன. 2016-18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயதினரில் 24 விழுக்காட்டினர் மெலிந்தவர்களாகவும், 5 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர்களாகவும் காணப்பட்டனர். இவ்வயதுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஆண்களில் இது 18 விழுக்காடு. மாதவிலக்கால் இரும்புச் சத்து வெளியேறுவது இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணம். மெலிந்த சிறுமிக்கு உணவு தேவை என்பதைப் போலவே, சர்க்கரையும் எண்ணெயும் மிகுந்த தின்பண்டங்களால் தசை வளராமல் கொழுப்பு மட்டும் சேரும் சிறுமிக்குப் பருப்பு, பால், முட்டை, காய்கறி ஆகியவையும் விளையாடுவதற்கான இடமும் தேவை. மிக இளம் வயதில் பூப்பெய்தும் பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் மார்பகப் புற்றும் வரும் வாய்ப்பு ஒப்பளவில் கூடுதல் என்பது ஆய்வுகள் காட்டும் உண்மை.

மூன்றாவதாக, அளவிடும் முறை. எடையை மட்டும் குறிக்கும் பதிவேடு போதாது. உயரமும் சேர்த்துக் குறிக்கப்பட வேண்டும்; இயன்ற இடங்களில் கையின் சுற்றளவும் குறிக்கப்படலாம். பள்ளி மருத்துவப் பரிசோதனையின்போது பூப்பெய்திய வயதைப் பெண் சுகாதார ஊழியர் வழியாக, மாணவியின் மனம் நோகாத வகையில், குறித்துக் கொள்வது பயனுள்ள தகவலாகும். எட்டு வயதிற்கு முன் மார்பக வளர்ச்சி தோன்றினாலும், பதினைந்து வயதாகியும் மாதவிலக்கு தொடங்காவிட்டாலும் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

பூப்பெய்தும் வயதைக் கூட்டுவதோ குறைப்பதோ எந்தத் திட்டத்தின் குறிக்கோளாகவும் இருக்க முடியாது. தாயின் வயிற்றில் தொடங்கி, பன்னிரண்டு ஆண்டுகள் இடையறாது, அளவறிந்து அளிக்கப்படும் ஊட்டமே குறிக்கோள். அது நிறைவேறும் இடத்தில் பூப்பு தனக்குரிய காலத்தில் தானே வரும். அப்போது அந்தச் சிறுமி போதிய உயரமும் திண்ணிய எலும்பும் குறைவற்ற இரத்தமும் பெற்றிருப்பாள். பள்ளி வகுப்பிலும் தொடர்ந்து அமர்ந்திருப்பாள். சிறுமியர் வளர்ச்சித் திட்டங்களின் வெற்றியை மதிப்பிட இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.